எல்லாம் சோயாக்காரன் வேலை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் உலகச் செய்தி தனியாக வந்து சேர்வதே கிடையாது. "இதுக்குப் பின்னால யாரு இருக்கா?" என்ற கேள்வியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். உக்ரேனில் சண்டையா, காசாவில் குண்டா, டிரம்ப் வரி போட்டுவிட்டாரா, எதுவானாலும் சரி. நடந்தது என்ன என்பதை முதல் வாய் கோப்பியோடு முடித்துவிட்டு, மீதிக் கோப்பி முழுக்கப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடுவோம். கைப்பேசி வந்த பிறகு அந்தத் தேடும் வேலையும் மிச்சம். யாரோ ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்டுபிடித்து, ஒரு காணொளியாக்கி, விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். உக்ரேன் சண்டைக்குக் காரணம் ஆயுதக் கம்பெனி. டாலர் ஏறினால் அதற்கு ஒரு குடும்பம். கொரோனாவுக்கு ஒரு பணக்காரர். காலையில் கோப்பி குடிக்க ஒட்டுக்கடைக்கு வருகிறவர் ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவராகத்தான் வந்து உட்காருகிறார்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். "அப்பா, கண்டதையும் பார்வர்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் காப்புறுதி விற்றுப் பிழைப்பவன். எல்பில், டோவன்பி, ஈவுட் என்று சுற்றியிருக்கிறேன். இந்தச் சந்தேகம் சனங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்ததால் என்னால் அவ்வளவு லேசாகச் சிரித்துவிட முடியவில்லை.

கித்தாவிலிருந்தே, அதாவது ரப்பரிலிருந்தே, ஆரம்பிக்கலாம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு விலை படுத்துவிட்டது. அப்போது பிரிட்டனின் காலனி அமைச்சராக இருந்த சர்ச்சில் ஒரு குழுவைப் போட்டார். மலாயாவும் சிலோனும் இவ்வளவுதான் கித்தா ஏற்றுமதி செய்யலாம் என்று 1922 நவம்பர் முதல் கட்டுப்பாடு வந்தது. ஸ்டீவன்சன் திட்டம் என்பார்கள். சரக்கு குறைந்தால் விலை ஏறும். உலகத்துக் கித்தாவில் பெரும்பங்கை வாங்குவது அமெரிக்கா, ஆகவே ஏறிய விலையை அமெரிக்கக் கார்க்காரன் கட்டுவான். போருக்காக அமெரிக்காவிடம் வாங்கிய கடனை அடைக்கப் பிரிட்டனுக்கு டாலரும் வரும். இதெல்லாம் லண்டனில் வெளிப்படையாகவே பேசப்பட்ட விஷயம். அமெரிக்க வர்த்தக அமைச்சராக இருந்த ஹூவர் இது ஏகபோகக் கொள்ளை என்று மேடையேறித் திட்டினார். டயர்க்காரர் ஃபயர்ஸ்டோன் 1926-ல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் போட்டார். ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள் ஓர் ஊரையே கட்டப் போனார். இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயம், விடிகாலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்ற தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் தெரியாது. இன்றைக்கு அந்த நிரையில் வெட்ட வேண்டாம் என்று கங்காணி சொல்வார். கேட்டால் தொரை, அதாவது வெள்ளைக்கார மேலாளர், உத்தரவு. தொரைக்கு யார் உத்தரவு போட்டது?

பிறகு 1930-ல் மறுபடி விலை சரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை மூட்டை முடிச்சோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றி அனுப்பினார்கள். கொரியா எங்கே இருக்கிறது என்று தெரியாத லயத்து வரிசை வீடுகளில், 1950-ல் அங்கே சண்டை மூண்டதும் கித்தா விலை எகிறியது. மூன்று தலைமுறை இப்படி வாழ்ந்த சனத்திடம் போய், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்கள் வாழ்க்கையில் முக்கியமாக நடந்த ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிவானதுதானே.

நிஜமான ரகசியத் திட்டங்களும் இருந்திருக்கின்றன. மலேசியர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்றே உண்டு. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச்சந்தை திறந்து நான்கு மணி நேரம் ஆவதற்குள் கத்ரி நிறுவனம் நம் நாட்டுக் கைக்கு வந்துவிட்டது. 1821-ல் சிங்கப்பூரில் தொடங்கி, இங்கே ஏக்கர் கணக்கில்லாமல் கித்தாவும் பாமாயில் தரும் செம்பனையும் வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனி அது. பிஎன்பி எனப்படும் நம் அரசாங்க முதலீட்டு நிறுவனம், பெரிய பங்குதாரர்கள் யார் யார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்து, காலையில் தரகர்களை இறக்கி ஒரே மூச்சில் வாங்கியது. லண்டன்காரர்கள் பொருமினார்கள், பங்கு வாங்கும் விதிகளை இறுக்கினார்கள். அப்போது பிரதமராக இருந்த மகாதீர் பதிலுக்கு, பிரிட்டிஷ் சாமான் என்றால் கடைசியாக வாங்கு என்று கொள்கையே அறிவித்தார்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம், அதன் அளவு. விஷயம் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். நோக்கம் ஒன்றே ஒன்று. காத்திருந்தது ஒரு காலைப்பொழுதுக்காக. மத்தியானம் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வருகிற சதிகளைப் பாருங்கள், ஐம்பது நாடு, நூறு வருடம், லட்சம் பேர், அத்தனை பேரில் ஒருவனும் வாயைத் திறக்கவில்லை! எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் ஏழு பேர் கூடிப் பேசிய விஷயம் அன்றைக்குச் சாயந்திரமே பாசாருக்கு வந்துவிடும்.

1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிதியின் பணம் காணாமல் போன விவகாரமும் அப்படித்தான். 2015 ஜூலையில், பிரதமராக இருந்த நஜிப்பின் சொந்தக் கணக்குகளுக்கு ஏறக்குறைய 70 கோடி அமெரிக்க டாலர் போனது என்று செய்தி வந்தபோது, எங்கள் மேசையில் அதற்குப் பின்னால் யார் என்றுதான் பேச்சு. மகாதீர் கிளப்பிவிட்டது என்றார் ஒருவர். வெள்ளைக்காரப் பத்திரிகைக்கு இங்கே என்ன வேலை, நம் நாட்டைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்றார் இன்னொருவர். அரபு அரச குடும்பத்து நன்கொடை என்று மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது. உண்மை இருந்த இடம் வங்கிக் கணக்கு அறிக்கை. எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு. 2020 ஜூலையில், 1எம்டிபியின் கிளையாக இருந்த எஸ்ஆர்சி நிறுவனத்து வழக்கில் தீர்ப்பு வந்ததும், 2022 ஆகஸ்டில் அவர் காஜாங் சிறைக்குப் போனதும் அந்த மாதிரித் தாள்களின் பலத்தில்தான். செய்தியை வெளியிட்டவர்களுக்கு உள்நோக்கம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பணம் வந்ததா என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

பழியைத் தூக்கி ஒருவர் தலையில் போடுவது பெரிய இடத்திலும் நடக்கும். 1997-ல் ரிங்கிட் விழுந்தபோது மகாதீர், நாணய வியாபாரம் செய்யும் அமெரிக்கப் பணக்காரர் ஜார்ஜ் சோரஸ் பெயரைச் சொன்னார். அதன் பிறகு சோரஸ் என்ற பெயரை எங்கள் ஊர்க் கிழவிகள்கூடச் சாபத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள், அது 2005 வரை நின்றது. 2006-ல் இருவரும் கோலாலம்பூரில் சந்தித்தார்கள், நெருக்கடிக்கு சோரஸ் காரணமில்லை என்பதை ஏற்றுக்கொள்வதாக மகாதீரே சொல்லிவிட்டார். அந்தச் செய்தி மட்டும் இன்றுவரை எங்கள் கடைக்கு வந்து சேரவில்லை.

எல்லாச் சந்தேகமும் ஒரே ரகமல்ல. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் பயிற்சி எடுத்தவர். துப்பாக்கி பிடித்த கையால்தான் எங்களுக்கு முறுக்குப் பிழிந்து கொடுப்பார். நேதாஜி 1945 ஆகஸ்ட் 18 அன்று தைப்பேயில் விமான விபத்தில் இறந்தார் என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். "செத்தவரை யாரு பாத்தா? நீ பாத்தியா?" தமிழ்நாட்டில் முத்துராமலிங்கத் தேவரே நேதாஜி உயிரோடிருக்கிறார் என்று சொன்னவர்தான், அந்தப் பேச்செல்லாம் கப்பலேறி இங்கேயும் வந்திருந்தது. இந்தியாவில் 1956-ல் ஒரு குழு, 1970-களில் ஒரு கமிஷன், இரண்டும் விபத்துதான் என்றன. 2005-ல் முகர்ஜி கமிஷன் அந்த விபத்தில் இறக்கவில்லை என்று எழுதியது, அரசாங்கம் அதை ஏற்கவில்லை. பாட்டிக்கு எந்தக் கமிஷனும் தேவைப்படவில்லை. கால் வயிற்றுக் கஞ்சி குடித்துக்கொண்டு பால் வெட்டிய பெண்ணை, கால்சட்டை போட்டு நிமிர்ந்து நடக்க வைத்தவர் அவ்வளவு சுலபமாகச் சாக முடியாது. அதுதான் கணக்கு. அந்த நம்பிக்கையால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. நேதாஜிக்காகப் படத்தின் முன்னால் வைத்த பூவுக்கு ஆன செலவு மட்டும்தான்.

எம்எச்370 விஷயத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். 239 பேரோடு ஒரு விமானம் காணாமல் போய், ஒரு வருடத்துக்கு மேல் கழித்து ரியூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒன்று ஒதுங்கி, 2018-ல் விசாரணை அறிக்கையும் காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை என்று கையை விரித்தால், மனிதர்கள் கதை கட்டத்தான் செய்வார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எங்கள் ஊரே உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது இப்படி ஒரு சந்தேகத்தால்தான். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்து மேலாளர் வாக்கரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இருவரை. இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம், அது 1960 வரை நீடித்தது. போர் என்று சொன்னால் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் தோட்டச் சேதத்துக்குப் பணம் தராது, அதனால்தான் அவசரகாலம் என்று சொன்னார்கள் என ஒரு விளக்கம் உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. என் தொழிலுக்கு அது ரொம்பப் பொருந்தி வருகிறது, அதனாலேயே நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். நம் தொழிலுக்கு ஏற்ற சதியைத்தானே நாம் முதலில் நம்புவோம்!

சரி, லண்டன் என்ன சொன்னது? மாஸ்கோ. அந்த வருடம் பிப்ரவரியில் கல்கத்தாவில் ஓர் இளைஞர் மாநாடு நடந்தது. அங்கே வைத்து சோவியத் உத்தரவு கைமாறியது, மலாயாவில் கலகம் வெடித்தது என்று வெகுகாலம் எழுதினார்கள். அந்தக் கொலைகள் தலைமை இட்ட கட்டளையால் நடந்தவையல்ல, அவசரகாலம் வந்தபோது கட்சியே தயாராக இல்லை என்று கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங் பின்னாளில் சொன்னார். மாஸ்கோ உத்தரவுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்கிற ஆய்வாளர்கள் பலர்.

மூன்று உயிர் போனது கொடுமைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடம் தோட்டங்களில் நடந்தது என்ன? வேலைநிறுத்தத்துக்கு மேல் வேலைநிறுத்தம். போர் முடிந்து அரிசி விலை ஏறிக்கிடந்தது, கூலி ஏறவில்லை. மாஸ்கோ என்ற ஒரு சொல் வந்ததும் அரிசி விலையைப் பற்றிப் பேசியவனும் காட்டுக்குள் துப்பாக்கி தூக்கியவனும் ஒரே ஆளாகிவிட்டார்கள். தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவை ரத்து செய்தார்கள். அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள், இந்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டும் விடவில்லை.

அதற்கும் முன்பு 1941-ல் கிள்ளான். அங்கே தோட்டத் தொழிலாளர்கள் கேட்ட பட்டியலைப் படித்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. தொரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பதை நிறுத்து. இவ்வளவுதான். அரசாங்கம் இதற்குப் பின்னால் அரசியல் தூண்டுதல் இருக்கிறது என்றது. தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, பட்டாளத்தை இறக்கியது, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்வதற்கு ஒருவனுக்கு ஏன் வெளியிலிருந்து தூண்டுதல் வேண்டும்?

2007 நவம்பர் 25 பலருக்கு நேரடி ஞாபகம். இந்தியர் உரிமைக்காகக் கிளம்பிய ஹிண்ட்ராப் இயக்கத்தின் ஊர்வலத்துக்கு இந்த ஊரிலிருந்தும் போனார்கள், கண்ணீர்ப்புகை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த மாதமே பயங்கரவாதத் தொடர்பு என்று போலீஸ் தலைமையிலிருந்து பேச்சு வந்தது, ஐந்து தலைவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். 2008 மார்ச்சில் எங்கள் தொகுதி, 1974-லிருந்து வைத்திருந்த அமைச்சர் சாமிவேலுவைத் தோற்கடித்து டாக்டர் ஜெயக்குமாரை அனுப்பியது. அதற்கும் பின்னால் யார் என்று ஆராய்ந்தவர்கள் உண்டு.

ஆக, கடையில் உட்கார்ந்து நாம் கேட்கிற அதே கேள்வியை நம்மைப் பார்த்து மேலே இருப்பவர்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது நம் கையில் இருந்த மனுவைப் படிக்காமல் இருப்பதற்கு உதவியது. இதை நான் கடையில் சொன்னால், "இவரு ஒருத்தரு" என்று அடுத்த கோப்பிக்குச் சொல்லிவிடுவார்கள்.

2013 தேர்தலில் பார்த்தோம். நாற்பதாயிரம் வங்காளதேசிகளை விமானத்தில் கொண்டுவந்து ஓட்டுப் போட வைக்கப் போகிறார்கள் என்று பரவியது. அந்த நாற்பதாயிரம் கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஓட்டுச்சாவடியில் ஆளைப் பார்த்துத் தடுத்து நிறுத்தக் கிளம்பியவர்கள் உண்டு. முகத்தையும் நிறத்தையும் வைத்து யார் அந்நியன் என்று கண்டுபிடிப்பதாக இருந்தால், நம் ஆட்கள் எத்தனை பேர் தப்புவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்போது செம்பனைக்கு வருகிறேன், இது சோற்றுப் பிரச்சினை. ஐரோப்பாக்காரன் செம்பனை எண்ணெயை வாகன எரிபொருளில் 2030-க்குள் படிப்படியாக நிறுத்தப் போகிறேன் என்று 2019-ல் சொன்னான். காடு அழிகிறதாம். "அவன் காட்டை எல்லாம் அழிச்சு முடிச்சுட்டு நமக்குப் பாடம் எடுக்கறான், அவனோட ரேப்சீட் எண்ணெய் விவசாயியக் காப்பாத்தத்தான்" என்பது எங்கள் கடையின் ஒருமனதான தீர்ப்பு. இதில் விஷயம் இருக்கிறது. 1980-களில் அமெரிக்க சோயா விவசாயிகள் சங்கம் செம்பனை, தேங்காய் எண்ணெய்களுக்கு எதிராகக் காசு செலவழித்துப் பிரசாரம் செய்தது பதிவான வரலாறு. 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, மகாதீர் காஷ்மீரைப் பற்றியும் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றியும் பேசிய கோபம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அறிவிப்பில் மலேசியா என்ற பெயரே கிடையாது. 2022-ல் உக்ரேன் சூரியகாந்தி எண்ணெய் வராமல் போனதும் செம்பனை ஒரு டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது, அந்த மாதங்களில் காட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசியதாக நினைவில்லை.

ஐரோப்பிய விதிக்கு எதிராக மலேசியா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் சாய்ந்தது. சுற்றுச்சூழலுக்காக இப்படி விதி போட ஐரோப்பாவுக்கு உரிமை உண்டு, ஆனால் விதியைத் தயாரித்த விதத்திலும் நடத்திய விதத்திலும் பாரபட்சம் இருக்கிறது என்றது. காட்டின் மேல் அக்கறை, விவசாயியின் ஓட்டு, இரண்டும் ஒரே கையெழுத்தில். கடைக்கு இந்த மாதிரி பதில் பிடிக்காது. ஒருவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நோக்கம் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

போன வருடம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வங்காளதேசத்துப் பையன் ஒருவன் செம்பனைக் குலை விழுந்து தோளில் அடிபட்டிருந்தான். இழப்பீட்டுப் படிவம் நிரப்ப உதவி கேட்டு, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கூப்பிட்டிருந்தார். நம் ஆள்தான், அவருடைய அப்பாவும் அதே லயத்தில் இருந்தவர். பேச்சுவாக்கில் 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசியக் கம்பெனிகளின் எண்ணெயைத் தடுத்த கதை வந்தது. கட்டாய உழைப்பு என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

"எல்லாம் சோயாக்காரன் வேலை சார்" என்றார் மண்டோர்.

இருக்கலாம் என்றேன். படிவத்தில் பாஸ்போர்ட் எண் கேட்டிருந்தது. பையனிடம் கேட்டேன், அவன் மண்டோரைப் பார்த்தான்.

"ஆபீஸ்ல இருக்கு சார். பத்திரமா பூட்டி வச்சிருக்கோம். இவனுங்க தொலைச்சிடுவானுங்க."

"எல்லாருதுமா?"

"எல்லாருதும்தான்."

மலேசியாவின் 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி, சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது குற்றம் என்று சொன்னேன். அவன் கேட்டால் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சோயாக்காரன் சொல்வதில் இந்தப் பகுதி உண்மையாகிவிடும் என்றும் சொன்னேன். மண்டோர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சார், உங்களை யாரு அனுப்புனா?"